ஊரு எந்த ஊட்டுல இருக்குது?

"ஊர் என்ன சொல்லும்" என்று அந்த அம்மாளின் முன்னால் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் பேச்சு நகராது. கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாலும் சரி, எருமைக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தாலும் சரி, கை அப்படியே நிற்கும். முகம் மெல்லத் திரும்பும். மூக்குத்திக் கல்லில் வெயில் ஒரு தடவை சுடரும்.

"ஊருன்னா ஆருங்க? எந்த ஊட்டுல இருக்குது அது? சொல்லுங்க, ஒரு எட்டுப் போயிப் பார்த்துட்டு வாரேன்."

கேலி என்று நினைத்துச் சிரித்தவர்கள் பிறகு வருந்தினார்கள். அவர் உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் புதுச்சத்திரத்தில் இறங்கி, மேற்கே வண்டித்தடம் பிடித்து நடந்தால் அந்தச் சிற்றூர். மேட்டூரில் அணை கட்டி முடிந்து, கல் சுமக்கப் போன சனமெல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். என் வாயில் 'வீடு' என்று வந்தால் பிள்ளைகள் சிலேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். குடியிருக்க இடம் கிடைத்தது அந்த அம்மாளின் வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில். அங்கே இருந்த வருஷங்களில் சேவலைக் கேட்டு நான் விழித்ததே இல்லை. அவர் குரல் சேவலுக்கு முந்திக்கொள்ளும்.

நெடிய உடம்பு. ஈரப் பனைமரத்தின் நிறம். பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை. அவசரமே இல்லாத, ஆனால் எதற்கும் நின்றுவிடாத நடை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தோட்டம், மானாவாரித் தறை, கிணறு, மாடு எல்லாம் உள்ள வீடு, ஊர் வாயில் 'பெரியூடு'. அத்தனைக்கும் அவரே எசமானி. வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார், வாசல் வேம்பின் நிழல் மாதிரி, சத்தமில்லாமல், வேளைக்கு ஒரு பக்கமாக. அவர் தட்டத்தின் முன் உட்கார்ந்து, "சோறு கொழைஞ்சு போச்சாட்டிருக்குது" என்று மெதுவாகச் சொல்வார். உடனே உள்ளிருந்து பதில் வரும். "அது என்னங்க, சோறு தானா போயிக் கொழைஞ்சுக்குச்சா? நான்தான் கொழைய உட்டேன்னு சொல்லுங்களேன். நானென்ன உங்களைக் கடிச்சா தின்னுருவேன்?"

இதுதான் அவர். நடந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு முகம் வேண்டும், வீடு வேண்டும், வீட்டுக்குக் கதவு வேண்டும், அந்தக் கதவை இவர் தட்ட வேண்டும். அந்த ஆள் இவரே ஆனால் தன் பெயரைத் தானே சொல்லிவிட வேண்டும். ஆள் இல்லாமல் ஒரு காரியம் நடந்தது என்றால் அவருக்கு நெஞ்சு கொள்ளாது, காற்றில்லாமல் கதவு அடித்துக்கொண்டது போல.

பருத்தி விலை தலைகுப்புற விழுந்த வருஷம் ஒன்று. ஊரெல்லாம் "வெலை எறங்கிப்போச்சு, வெலை எறங்கிப்போச்சு" என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் மட்டும் வண்டி பூட்டச் சொன்னார். திருச்செங்கோட்டு மண்டியில் போய் இறங்கி, விலையை இறக்கியது யார் என்று முதலாளியைக் கேட்டார். அவர் சேலத்தைக் காட்டினார். மறுநாள் மோட்டார் ஏறிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். அங்கே இருந்தவர் கோயம்புத்தூரைக் காட்டினார், கோயம்புத்தூருக்குச் சொல்கிறவன் பம்பாயில் இருக்கிறான் என்றார், பம்பாய்க்காரனும் சீமையிலிருந்து வரும் தந்தியைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறான் என்றார். பொழுதோடு வந்து இறங்கிய அந்த அம்மாள் முகம் கழுவக்கூட இல்லை. நேரே என் சாய்ப்புக்கு வந்தார்.

"வாத்தியாரே, ஒருத்தனுக்கும் தெரியலைங்க. தெரியாதவனெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வெலையை எறக்கி வெச்சிருக்கறானுங்க."

தோற்றுவிட்டதாக அவர் நினைக்கவில்லை. பம்பாய் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருந்தால் ஆளைப் பிடித்திருக்கலாம் என்றுதான் நினைத்தார்.

எல்லா இடத்திலும் கேட்டாரா என்றால், இல்லை. அவர் தோட்டத்தில் களை பறிக்க வருகிற சேரிப் பெண்கள் தாகமெடுத்தால் வாய்க்கால் ஓரம் குந்தி, கையைக் குவித்து, மேலிருந்து ஊற்றும் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். இப்படிக் குடிக்கச் சொன்னது யார் என்று நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமா, திகைப்பா, எனக்குத் தெரியவில்லை. பிறகு செம்பைக் கவிழ்த்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். அவரிடமிருந்து பதில் வராத கேள்வி அது ஒன்றுதான். அதையும் சேர்த்துத்தான் அந்த அம்மாள்.

பிற்காலத்தில் சேலத்துக்கு மாற்றலாகி, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத என் சுபாவத்தோடு, நூல்நிலையத்தில் தடித்தடியாகச் சமூகவியல் புத்தகங்களை எடுத்து மேய்ந்த நாட்கள் உண்டு. அங்கே ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்சிக்காரர்கள் சொன்னார்கள்: சமூகம் என்பது மனிதனுக்கு முன்பே நின்றுகொண்டிருக்கும் அச்சு, பிறக்கிறவனெல்லாம் அதில் ஊற்றப்பட்டு இறுகிப்போகிறவன். இன்னொரு கட்சி சொன்னது: அச்சுமில்லை வார்ப்புமில்லை, இவன் அவனைப் பார்த்து ஒன்று செய்கிறான், அவன் இவனைப் பார்த்து ஒன்று செய்கிறான், உண்டானது அவ்வளவே, சமூகம் என்பது அதற்கு நாம் வைத்த வெறும் பேர். மூன்றாவது ஒரு கட்சி தயங்கித் தயங்கி வந்தது. மனிதர்கள் நடந்து நடந்து ஒன்றை உண்டாக்குகிறார்கள், உண்டான பிறகு அது அவர்களை நடத்துகிறது என்றது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எனக்குப் புதுச்சத்திரத்து வண்டித்தடம் கண்ணுக்குள் வந்திருந்தது. மழை விட்ட மறுநாள், சேற்றில், முதல் வண்டி தன் பாட்டுக்குப் போகும். தடம் போடவேண்டும் என்று அந்த மாடும் நினைக்காது, ஓட்டுகிறவனும் நினைக்கமாட்டான். அடுத்த வண்டி அதே பள்ளத்தில் இறங்கிப் போகும், சுலபம் என்று. வெயில் காய்ந்து தடம் இறுகியபின் வருகிற வண்டியைப் பாருங்கள், சக்கரம் அச்சாணி முறிந்தாலும் மேலே ஏறாது. யார் போட்ட தடம் என்று அப்போது கேட்டால் யாரைக் காட்டுவது?

அந்த அம்மாள் இரண்டாவது கட்சி. ஆளைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிற கட்சி. அவர் அந்தத் தடத்தில் இறங்கி நின்று, சக்கரத்துக்குத் தோள் கொடுத்த கதையை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அந்த அம்மாளின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இரண்டு கல் தூண், குறுக்கே ஒரு புளியங்கட்டை, அந்தக் கட்டையில் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முளை. அவரவர் சேந்துகயிறு அவரவர் முளையில் தொங்கும். கயிறில்லாமல் வந்தவள் பக்கத்து முளையிலிருந்து எடுத்துத் தண்ணீர் இறைத்துவிட்டு, திரும்ப மாட்டிவிட்டுப் போவாள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் ஒரு வீட்டோடு புழங்க வேண்டாம் என்று ஊர் தீர்மானித்தால் கயிறுகள் வீட்டுக்குப் போய்விடும். தப்பட்டை இல்லை, கூட்டம் இல்லை. முளைகள் காலியானால் எல்லாருக்கும் புரியும்.

மேட்டூர் அணையில் வேலைபார்த்த நாச்சிமுத்து திரும்பி வந்தான். இந்தத் தெருவில் பிறந்த பையன், அந்த அம்மாளுக்குத் தூரத்துப் பங்காளி வழி மகன் முறை. தனியாக வரவில்லை. மாதம்மா என்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். காவிரிக்கு அக்கரையில் எங்கோ பிறந்தவள், பேசினால் தமிழும் கன்னடமும் கலந்து உருண்டன. என்ன சனம், யார் மக்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. வரும்போதே நிறைவயிறு.

வந்த மறுநாள் காலையில் கிணற்றுக் கட்டையில் ஒரு முளை காலியாக இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா முளையும் காலி.

அந்த அம்மாளுக்கு இது தெரியாது. கடலைக்காய் பறிப்பு மும்முரம், விடிந்தால் தோட்டம், அடைந்தால் வீடு. வீட்டுக்குத் தண்ணீரும் தோட்டத்துக் கிணற்றிலிருந்தே வண்டியில் வந்துகொண்டிருந்தது. என் பானைக்கும் அதே தண்ணீர்தான். கயிறுகளைக் காணோம் என்பதை நான் பள்ளிக்கூடச் சன்னல் வழியே பார்த்தேன், புதுக் கயிறு திரிக்கிற பருவம் போலும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாச்சிமுத்து வந்து படலுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை. வந்தால் உங்களுக்குப் பொல்லாப்பு என்றான். மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. கிணற்றுக் கட்டையில் ஒரு முளையிலும் கயிறு இல்லை. மாதம்மா கிணற்றடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தெருவில் ஒரு சொல் பேச ஆளில்லை. அவள் ஓடையில் ஊற்றுத் தோண்டி அள்ளி வருவதைத்தான் குடிக்கிறார்கள். இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுக்கும். மருத்துவச்சியிடம் போனால் வரமுடியாது என்கிறாள். தலைப்பிள்ளை. குழந்தை குறுக்கே கிடப்பதுபோல் இருக்கிறது என்று மாதம்மாவே பயப்படுகிறாள்.

"ஆரு காலுல உழுகோணும்னு சொல்லுங்க பெரிம்மா, உழுகறேன். ஆருன்னு தெரியலீங்களே."

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்தக் கேள்வி அவருக்கு அல்வா மாதிரி. "இரு, பேரைக் கொண்டாந்து குடுக்கறேன்" என்றார். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "சாட்சிக்கு நீங்களும் வாங்க சாமி. நாளைக்கு ஆரும் மாத்திப் பேசக் கூடாது" என்றார்.

எதிர்வீட்டுப் பாவாயியிடமிருந்து தொடங்கினோம். தெருவிலேயே கூர்மையான வாய் பாவாயிக்கு. ஆனால் அன்று குரல் இறங்கியே இருந்தது. தனக்கு அந்தப் பெண்மேல் ஒரு வருத்தமும் இல்லை என்றாள், வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது என்றாள், மேல்வீட்டில் கயிற்றை எடுத்துவிட்டார்கள் என்று தானும் எடுத்ததாகச் சொன்னாள். மேல்வீட்டில் பூசாரி வீட்டைச் சொன்னார்கள். பூசாரியம்மாள் மணியக்காரர் வீட்டு முளை காலியாக இருந்ததைப் பார்த்தாராம், மணியக்காரரே எடுத்தபிறகு மற்றவர்கள் எம்மாத்திரம்.

மணியக்காரர் வாசலில் நாவிதருக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பாதிக் கன்னத்தில் நுரை. கூட்டம் எப்போது போட்டீர்கள், யார் யார் பேசினார்கள் என்று அந்த அம்மாள் கேட்டதும் மிரண்டார்.

"நானெங்கீங்க கூட்டம் போட்டேன்? பொம்பளைங்கல்லாம் கெணத்தடியில பேசி முடிச்சுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். முடிஞ்சதுக்கு அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?"

பெண்கள் மணியக்காரர் முடித்துவிட்டார் என்று இருந்தார்கள். மணியக்காரர் பெண்கள் முடித்துவிட்டார்கள் என்று இருந்தார். நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சிரித்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், மாதம்மாவுக்காக ஒரு பெருமூச்சும் விட்டார்கள், அடுத்த வீட்டைக் காட்டினார்கள். ஒருவர்கூட 'நான்' என்று சொல்லவில்லை, சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து திரும்பிய அன்றைய முகம். ஆனால் பம்பாய் மாதிரி இது தூரமில்லை, இந்தத் தெருவுக்கு ஒரு கடைசி உண்டு.

கடைசி வீட்டில் பெரியவர்கள் இல்லை. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் மட்டும் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் எந்த முளை காலியானது, நினைவிருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டார். அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சொல்லட்டுமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"உங்க முளைதானுங்க அத்தை."

கம்பின் தூசு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.  அந்த அம்மாள், யாரோ தோளில் கைவைத்து அழுத்தியது போல, வாசற்படியில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். அவர் கயிறு நைந்திருந்தது. புதிதாகக் கத்தாழை நாரில் திரிக்கக் கொடுப்பதற்காக, நாச்சிமுத்து வந்த அன்றைக்கு, பழையதை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். திரிக்கிறவர் நாரை ஊறப்போட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார். புதுக் கயிறு வர நாளாகிவிட்டது. காலி முளையைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி படித்தார்கள். வேறு யார் முளையாவது காலியாக இருந்திருந்தால் காற்றில் விழுந்திருக்கும், கன்று தின்றிருக்கும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் எதற்கும் யார் எவர் என்று கேட்காமல் துரும்பையும் அசைக்காத இந்த அம்மாளே கயிற்றை எடுத்துவிட்டார் என்றால், அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ பெரிதாகத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

"நான் ஒரு கயித்தைத்தானே சாமி ஊட்டுக்குக் கொண்டாந்தேன்" என்றார், வழியில் ஒரே ஒரு தடவை.

ஆள் கிடைத்துவிட்டது. இனி முடிச்சு அவிழ்ந்துவிடும் என்றே நானும் நினைத்தேன். அன்று மாலையே மறுபடி வீடு வீடாகப் போனார். விலக்கு என்று ஒன்றும் இல்லை, கயிறு நைந்துபோய் நான்தான் எடுத்தேன், தப்பு என் முளையில்தான் தொடங்கியது, எல்லாரும் கயிற்றைக் கொண்டுபோய் மாட்டுங்கள் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், சிலர் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். அன்றைக்குத்தான் திரித்து வந்திருந்த புதுக் கயிற்றை அவர் அப்போதே கொண்டுபோய்த் தன் முளையில் மாட்டினார்.

மறுநாள் காலையில் கட்டையில் அந்த ஒரு கயிறுதான் தொங்கிக்கொண்டிருந்தது. புதுநாரின் வெளுப்பு. சுற்றிலும் வெறும் முளைகள், பல் விழுந்த வாய்போல.

அக்கா இரக்கப்பட்டு மாற்றிச் சொல்கிறது என்று தெரு முடிவுசெய்துவிட்டது. கயிறு மாட்ட மனமிருந்தவர்களும் அடுத்த முளையைப் பார்த்தார்கள், அது காலியாக இருந்தது, திரும்பிப் போனார்கள். அந்த அம்மாள் பாவாயியைப் பிடித்து நிறுத்தி, நேற்று வருத்தமில்லை என்றாயே என்று கேட்டார். பாவாயிக்கு வாய் திரும்பியிருந்தது.

"இன்னைக்கும் இல்லைங்கக்கா. ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க கயிறு நைஞ்சு எடுத்தீங்க, சரி. இத்தனை ஊட்டுக் கயிறும் நைஞ்சா போச்சு?"

 தொடங்கிய ஆள் தானே வந்து ஒப்புக்கொண்டும், தொடங்கியது நிற்கவில்லை. அது இப்போது யாருடையதும் இல்லை. எல்லாருடையதும். எதிரில் நிற்கிற ஒவ்வொருவரும் நல்லவர்கள், அந்த நல்லவர்களின் நடுவே ஒரு குழந்தை பிறக்க வழியில்லாமல் இருந்தது.

மருத்துவச்சியிடம் நேரே போனார். அவள் மழுப்பவில்லை. "நீங்க சொல்றதை நம்பறேனுங்க அம்மா. நான் நம்பி என்னுங்க பண்றது? அந்த ஊட்டுப் படி ஏறினேன்னா, அப்புறம் எந்த ஊட்டுல என்னைப் படி ஏத்துவாங்க? எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க" என்றாள்.

திரும்பி வந்த அந்த அம்மாள் அன்று ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டுக்குத் தீனி போட்டார், பால் கறந்தார், வாசல் கூட்டினார். கூட்டிக்கொண்டே இருந்தவர் நடுவில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, வெலக்கு அவிய ஊட்டுக்குத்தானுங்களே? நம்ம ஊட்டுக்கு இல்லையே?"

அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. இதனால் என்னென்ன வரும் என்பதும் புரிந்தது, முகத்தில் அது ஒவ்வொன்றாக ஓடியது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்றார். "அதைத்தானுங்க இப்பக் கேக்கறேன்" என்றார் அந்த அம்மாள். வீட்டுக்காரர் எழுந்து, தன் கயிற்றுக்கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார். நடுவீடு காலியாயிற்று.

அதற்கடுத்த நாள் காலையில் வலி கண்டது. நாச்சிமுத்து கைத்தாங்கலாக மாதம்மாவைப் பட்டப்பகலில், தெருவின் நடுவே, நடத்தி வந்தான். அந்த அம்மாள் பாதித் தெரு எதிர்கொண்டு போய் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அன்று பாடம் என்று ஒன்று நடக்கவில்லை. சன்னல் கம்பிக்குக் கம்பி பிள்ளைகளின் முகம், அவர்களை விலக்கவேண்டிய வாத்தியாரின் முகமும் அவற்றில் ஒன்று.

மருத்துவச்சிக்கு ஆள் போயிற்று. எங்கள் வீட்டில் பிரசவம், உடனே வரவும். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு வீடு தானியம் வாங்குகிறவள் அவள், கூப்பிட்ட வீட்டுக்கு வராமலிருந்தால் முறை தப்பிப்போகும். வந்தாள். படலுக்கு முன்னால் நின்றாள். உள்ளிருந்து கேட்ட முனகலில் கன்னடம் இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் ஒருசாண் திறந்திருந்தன. அவள் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"நான் பெரியூட்டுக்குத்தான் வந்திருக்கறேன். எல்லாரும் பார்த்துக்கங்க."

சொல்லிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பகல் நீண்டது. பிள்ளை உண்மையிலேயே குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி விளக்கெண்ணெய் கேட்ட குரல், அந்த அம்மாள் "மூச்சு உடு ஆயா, மூச்சு உடு" என்று சொன்ன குரல், நடுநடுவே ஒன்றுமே இல்லாத நேரங்கள். அந்த நேரங்கள்தான் தாங்கமுடியவில்லை. நாச்சிமுத்து வாசலில் குந்தியிருந்தான். வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெற்றிலைப் பையை நீட்டினார், அவன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் பாவாயி காலையிலிருந்து ஒரே இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் சாய்ப்புக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அழுகைச் சத்தம் கேட்டது. மெலிந்த, கோபமான, புத்தம் புதிய சத்தம். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. இருந்த பானையெல்லாம் காலி, தோட்டத்து வண்டி இன்னும் திரும்பவில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், தாய்க்குக் காய்ச்சி ஊற்ற வேண்டும். நாச்சிமுத்து யார் சொல்வதற்கும் காத்திராமல் ஒரு மண்குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். தெருப் பெண்களெல்லாம் தண்ணீருக்கு வரும் பொழுது. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கயிறு அவரவர் கையில். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவரும் நகரவில்லை, ஒருவரும் வழிவிடவும் இல்லை.

அவன் கட்டையிலிருந்த அந்த ஒற்றைக் கயிற்றை எடுத்தான். புதுக் கயிறு, விறைப்பு.  சுருக்கு குடத்தின் கழுத்தில் நிற்கவில்லை, இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை உள்ளே விட்டான். குடம் சுவரில் மோதுகிற ஓசை கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அத்தனை பெண்களும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இன்னொரு மோதல். உடைந்துவிடும் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது, தண்ணீர் இறைத்தே கை காய்த்தவர்கள்.

பாவாயி தன் கயிற்றைப் பொத்தென்று கட்டையின்மேல் போட்டாள். இரண்டு எட்டில் வந்து, அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

"எட்டப் போடா கூறு கெட்டவனே. ஆம்பளைக்குக் கெணத்தடியில என்னடா வேலை? கொடத்தை ஒடைச்சுப்புட்டுப் பச்சப்புள்ளைக்கு எதுல தண்ணி கொண்டுபோவ, உன்ற தலையிலயா? மேட்டூருல இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?"

இறைத்துக்கொண்டே வைதாள். குடத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்துக்கொண்டே வைதாள். அவன் நாலடி போனபிறகும் அவன் நடையை வைதாள். பின்னால் நின்ற இன்னொருத்தி, ஒரு குடம் எந்த மூலைக்குக் காணும் என்று முணுமுணுத்துக்கொண்டு தன் குடத்தை இறக்கி வைத்தாள்.

அந்த அம்மாள் கையில் எண்ணெயும் இரத்தமுமாக வாசலுக்கு வந்திருந்தார். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தலையைக் கிணற்றுப் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாவாயி வெய்யறது கேக்குதுங்களா சாமி?" என்றார். "இனிப் பொழைச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு, வருகிற தண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனார்.